சிப்பி சுட்டால் குறைகிற பாதி

மக்கா செல்வின்,

நீ தொடாமல் வைத்துவிட்டுப் போன சோற்றைப் பூனைக்குப் போட்டேன். மீன்குழம்பை மறுநாள் நானே சூடாக்கிச் சாப்பிட்டேன்; நன்றாகத்தான் இருந்தது. நீ கார்க் கதவை அடைத்த சத்தம் மட்டும் பத்து நாளாகியும் காதை விட்டுப் போகவில்லை. போனில் பேசலாமென்றால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ இருபது சொல்லிவிடுவாய். நான் நினைத்து வைத்ததெல்லாம் நாக்கிலேயே நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கை, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். ஒளித்து வைத்துப் படிக்கிற கடிதம் இல்லை இது. உன் மனைவி படிக்கட்டும், என் பேத்தி படிக்கட்டும். உன் ஆலையில் யார் கேட்டாலும் தாராளமாகக் காட்டு.

அன்றைக்கு நடந்ததை நீ உனக்குத் தோதாக ஞாபகம் வைத்திருப்பாய். எனக்கு ஒரு சொல் தப்பவில்லை. ஆலைக்கு விளம்பரப் படம் எடுக்க உன்னோடு மூன்று பேர் வந்தார்கள். கேமராவோடு ஒருத்தன், வெள்ளைக் குடை மாதிரி விளக்குப் பிடிக்க ஒருத்தன், கையில் காகிதத்தோடு ஒரு பெண். வந்ததும் வராததுமாக அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். அப்போதே எனக்கு மனதில் உறுத்தியது. முன்பின் தெரியாதவர்கள் என் காலைத் தொட்டால், என் கைரேகையோ என் வாய்ச்சொல்லோ ஏதோ ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். நம் பழைய சுண்ணாம்புச் சூளை இருந்த இடத்தில், தென்னை மூட்டில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். மணக்குடிக் காயலில் பொறுக்கியது போல ஒரு சிப்பியை என் உள்ளங்கையில் வைத்தார்கள். பிறகு அந்தப் பெண் காகிதத்தை நீட்டினாள். 'நாங்கள் சிப்பி சுட்ட காலத்தில் ஊரெல்லாம் புகை. இன்று என் மகன் செய்யும் சிமெண்டில் புகையே இல்லை.' இரண்டே வரி. கொட்டை எழுத்தில், கிழவிக்குக் கண் தெரியாது என்று நினைத்து அடித்திருந்தார்கள்.

"இதை மட்டும் சொன்னாப் போதும் பாட்டிம்மா," என்றாள்.

"சிமெண்டு எதுல செய்யுதிய?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்புக்கல்லுலதான்."

"கல்லைச் சுடாம செய்யுதியளா?"

அவள் உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய்.

"சுடத்தான் செய்யுதுமா," என்றாய். "ஆனா இப்பம் நிலக்கரி ஒரு துண்டு கெடயாது. உமி, மரத்தூள், தேங்காய்க் கதம்பை, இதுவளைத்தான் எரிக்கோம்."

"நான் கரியைக் கேக்கல மக்கா. கல்லைக் கேக்கேன்."

"அதெல்லாம் இந்த ரெண்டு வரியில வராதும்மா."

"பின்ன எந்த வரியில வரும்?"

கேமராக்காரன் சிரித்துவிட்டான். "சாருக்கே பாட்டி பரீட்சை வைக்காவளே," என்றான். அந்தச் சிரிப்புத்தான் உனக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? கேஸ்காரன் சிலிண்டர் கொண்டாந்தா தூக்கிப் பாப்ப. பால்காரன் ஊத்துன பாலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்ப. பெத்த பிள்ளையவுமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். நான் சிப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனேன். நீ பின்னாலேயே வந்து, வருகிற மாதம் முதல் தேதி மேடையில் வைத்து, ஆலையில் புகையே இல்லை என்று சொல்கிற அறிக்கையில் நீதான் கையெழுத்துப் போடப் போகிறாய் என்றும், உலைக்குப் பொறுப்பு நீ என்பதால் உன் பெயர்தான் அதில் முதலில் வரும் என்றும், நான் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாய்.

ஆமாம், பெற்ற பிள்ளையையும்தான் சந்தேகப்படுகிறேன். இது எனக்குப் பிறவிக் குணம் இல்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உன் பெரியப்பா. உனக்கு அவர் காசுமிட்டாய் வாங்கித் தந்த பெரியப்பா. எனக்கு வேறு ஆள். செத்து இத்தனை வருஷமாகியும் அவருடைய போட்டோவுக்கு முன்னால் நான் தலை குனிந்ததில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், உன் மனைவி கவனித்திருக்கிறாள், அவளிடம் கேள்.

உனக்கு அப்போது ஐந்து வயது. உன் அப்பா மஸ்கட்டில். சூளை உன் பெரியப்பாவின் பொறுப்பு, வேலை என்னுடையது. சிப்பியைக் கழுவிக் காயவைத்து, ஓர் அடுக்கு சிரட்டைக்கரி, ஓர் அடுக்கு சிப்பி என்று சூளையில் நிரப்புவேன். சூளைக்குக் காற்று ஊதுகிற சக்கரத்தைச் சுற்றுவது தங்கம். உனக்கு அவளை ஞாபகம் இருக்காது. என்னைவிட இரண்டு வயது இளையவள், நம் சபைக்காரி, என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்தத் தொழிலில் எல்லாமே ஓலைக் கடவத்தில் அளப்பதுதான். நாற்பது கடவம் சிப்பி உள்ளே போனால் ஏறக்குறைய நாற்பது கடவம் வெளியே வரும். சுட்ட சிப்பி உருவம் மாறாது, பார்த்திருக்கிறாய். வெளுத்து, அப்படியே சிப்பியாகவே இருக்கும், தொட்டால்தான் உதிரும். தூக்கினால் கனம் குறைவாகத் தெரியும். ஈரம் போனதால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அளவு சரியாக இருக்கும்போது கனத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த வருஷம் கோட்டாற்றுக் கடைக்காரர் ஒருவர் இனிமேல் கடவக் கணக்கு வேண்டாம், நிறுத்துத்தான் வாங்குவேன் என்றார். உன் பெரியப்பா உடனே பெரிய தராசு ஒன்று கொண்டுவந்து உத்தரத்தில் தொங்கவிட்டார். உள்ளே போகிற சிப்பியை நிறுத்தார். வெளியே வந்த சுண்ணாம்பை நிறுத்தார். ஏறக்குறைய பாதியைக் காணோம். மறுபடியும் ஒரு சூளை போட்டு நிறுத்தார். மறுபடியும் பாதியைக் காணோம். தலைமுறை தலைமுறையாகச் சிப்பி சுட்ட குடும்பம், மக்கா. ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. முதல்முதலாக நிறுத்துப் பார்த்த அன்றைக்குக் குடும்பத்துக்குத் தோன்றியது ஒன்றுதான்: களவு.

"ஒங்க அம்மை வீட்டுல புதுசா சுவரு பூசினாவளாமே?" என்று உன் பெரியப்பா என்னிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ராஜாக்கமங்கலம் முழுவதும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும்.

இதுவரைக்கும் உனக்கு ஓரளவு தெரியும். இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. உன் அப்பாவிடமும் நான் சொல்லவில்லை.

பழி என் தலையிலிருந்து இறங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை உன் பெரியப்பா மறுபடியும் ஆரம்பித்தபோது, "சாயங்காலம் சூளையடியை விட்டு கடைசியாட்டு போறது நான் இல்ல அத்தான்," என்றேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே சொன்னேன். அவர் நேராகப் போய்த் தங்கத்தின் கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். அதிலிருந்து ஒரு சட்டி சுட்ட சிப்பி விழுந்தது. பண்டிகைக்கு அவள் வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று அன்று காலையில் நானே என் கையால் அள்ளிக் கொடுத்தது.

"இது என்னதுட்டி?"

"அக்கா தந்தது," என்றாள் தங்கம். ஒரு பதற்றமும் இல்லாமல் சொன்னாள். நான் பக்கத்தில்தானே நிற்கிறேன், அந்த தைரியம்.

உன் பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ குடுத்தியா?"

"நான் குடுக்கல," என்றேன்.

தங்கம் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கீழே கிடந்த சட்டியை எடுத்து வைத்துவிட்டுக் கூடையோடு போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் சபைக்கு வரவில்லை. பிறகு எந்த வீட்டிலும் அவளை உள்வேலைக்குக் கூப்பிடவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் குடிபோனாள் என்று கேள்விப்பட்டேன். தங்கம் போன பிறகும் அடுத்த சூளையில் பாதி எடையைக் காணோம். உன் பெரியப்பா தராசைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கடவக் கணக்கில் வாங்குகிற வேறு கடையைப் பார்த்துக்கொண்டார். மன்னிப்பு என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. அதற்காக அவரை ஆயுள் முழுக்க வெறுத்தேன். என்னை வெறுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அப்புறம் நீ பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாய். ஒருநாள் பள்ளிக்கூடத்துச் சின்னத் தராசை வாத்தியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, சூளைக்கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சிப்பியை நிறுத்தாய். அதை ஒரு கம்பியில் கட்டிக் கனலுக்குள் வைத்துச் சுட்டு மறுபடியும் நிறுத்தாய். "அம்மா இங்க வா, பாதியைக் காணோம் பாரு," என்று கத்தினாய். நான் கையிலிருந்த கடவத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "யாரும் எடுக்கலம்மா. சிப்பிக்குள்ளேயே ஒரு வாயு இருக்கு. சுட்டா அது காத்தோட போயிரும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் கெடயாது." தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஓர் ஓலைக்குழலை வைத்து ஊதிக் காட்டினாய். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. நாம் விடுகிற மூச்சில் இருக்கிற அதே வாயுதான் என்றாய். களவு என்றும் பழி என்றும் ஊரைக் கலக்கின அந்தப் பாதி எங்கே போனதென்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான். வேறு எந்த எஞ்சினீயரும் இல்லை.

இப்போது சொல், நான் உன்னைச் சந்தேகப்படாமல் என்ன செய்வேன்?

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன்னிடம் கேட்டேன். உன் வீட்டு அடுப்பைக் கரண்டுக்கு மாற்றியாயிற்று, காரையும் மாற்றப்போகிறேன் என்கிறாய், ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது, அந்தக் கரண்டை உன் உலைக்கும் விடக் கூடாதா என்று. நீ அப்போது கேமரா முன்னால் இல்லை, சமையல்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாய், அதனால் உண்மை பேசினாய். கல்லைப் பாகாக இளக்குகிற அந்தச் சூட்டைக் கரண்டில் கொண்டுவருவது லேசில்லை என்றாய். இரும்பு ஆலை, கண்ணாடி ஆலை எல்லாவற்றுக்கும் இதே தலைவலிதான் என்றாய். "அப்படியே கொண்டுவந்தாலும் பாதிப் பிரச்சினைதாம்மா தீரும். கல்லுக்குள்ள இருக்கது எதை எரிச்சாலும் வெளியேதான் வரும். உண்மையில அதுதான் பெரிய பங்கு," என்றாய். பூமியைச் சூடாக்குகிற அந்த வாயுவைப் பிடித்துக் குழாயில் அடைத்து பூமிக்கடியில் இறக்கப் பார்க்கிறார்கள் என்றும், உங்கள் ஆலையில் இன்னும் அது வரவில்லை என்றும் சொன்னாய். பூமிக்கடியில் அடைத்ததற்கு யார் காவல், மூடி கழன்றால் எவன் வந்து சொல்லப்போகிறான் என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய். சிரிப்பு பதில் இல்லை, மக்கா. ஆனால் வரவில்லை என்பதையாவது மறைக்காமல் சொன்னாயே, அன்றைக்கு அது எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னாய். களிமண்ணைச் சுட்டுச் சேர்த்தால் சிமெண்டில் கல்லின் பங்கைக் குறைக்கலாம், கல் குறைந்தால் கல்லின் வாயுவும் குறையும், இரண்டு வருஷமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன் என்றாய். அதை நான் நம்பினேன். செங்கல் பொடி சேர்த்த சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நம் கிணற்றுக்குள் பூசியது அதுதான், இன்றைக்கும் நகத்தால் கீற முடியாது. நிலக்கரியை விட்டது நல்ல காரியம். களிமண்ணைச் சேர்த்தது அதைவிட நல்ல காரியம். அவற்றைச் சொல்ல எனக்குக் காகிதம் வேண்டாம், நானே சொல்லுவேன். 'குறைத்திருக்கிறான்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வாசித்திருப்பேன். 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். குறைந்திருக்கிறது என்றால் மேடை போட மாட்டார்களோ? நீ ராப்பகலாக உழைத்தது அவர்களுக்குப் போதவில்லை, இல்லாததையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதற்கு உன் கையெழுத்து ஒன்று, சிப்பி சுட்ட கிழவியின் முகம் ஒன்று. உமியைக் காட்டுகிறார்கள், கல்லைக் காட்டவில்லை. கடவத்தைக் காட்டித் தராசைப் பரணில் போட்ட கதைதான்.

அந்தப் பாதி எழுதப்படாமல் போனால் காணாமல் போய்விடும் என்று நினைக்காதே. எழுதாத பாதி யாரோ ஒருத்தி கூடையில்தான் போய் விழும். கடல் ஏறி வருகிற கரையில் குடிசை போட்டிருக்கிறவளா, ஏறுகிற வெயிலில் நடவு நடுகிறவளா, எனக்குத் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போடுகிற மேடையில் அவள் இருக்க மாட்டாள், அது மட்டும் தெரியும்.

நீ கோபித்துக்கொண்டு போன மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி மணவாளக்குறிச்சிக்குப் போனேன். விசாரித்து விசாரித்துத் தங்கத்தின் மகள் வீட்டைக் கண்டுபிடித்தேன். தங்கம் முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை, அக்கா என்றும் கூப்பிடவில்லை.

"தங்கம், அன்னைக்கு நீ எடுக்கல," என்றேன். நாற்பது வருஷமாகத் தொண்டையில் இருந்தது, வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"இதைச் சொல்லியதுக்கா பஸ்ஸு ஏறி வந்த? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்லா," என்றாள்.

"யாருமே எடுக்கல. அது காத்தாட்டு போச்சு. என் மவன் நிறுத்துக் காட்டினான்."

"எப்பம் காட்டினான்?"

"பதினொண்ணு படிக்கும்போ."

அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். "இப்பம் அவனுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு."

பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நீ பொய் சொன்னது பயத்துல. அது எனக்கு மனசிலாச்சு. ஒன் இடத்துல நான் நின்னாலும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன். தெரிஞ்ச பெறவும் வாயத் தொறந்து மிண்டாம இருந்தே பாரு, அதுக்கு என்ன பேரு?"

மன்னித்துவிடு என்றேன். அவள் மறுபடியும் நெத்திலியை எடுத்துக்கொண்டாள். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போவுது? கள்ளின்னு நெனச்சது நானா? யாருகிட்ட பொய் சொன்னியோ அவியகிட்டப் போய்ச் சொல்லு. சபையில சொல்லு. அவியள்ல பாதிப்பேர் செத்துப்போயிட்டாவ, மிச்சம் இருக்கவங்களாவது கேக்கட்டும்." நான் கிளம்பும்போது மகளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். குடித்தேன். என்னை நம்பவில்லை அவள். போய்ச் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்திருப்பாள். நியாயம்தான், அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது எழுந்து நிற்கப்போகிறேன். உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு சாட்சி சொல்லணும்," என்று மட்டும் சொன்னேன். உனக்கு ஏதோ உத்தியோக உயர்வு கிடைத்திருக்கிறது என்று அவர் நினைத்துச் சந்தோஷப்பட்டார். உன் பெரியப்பாவின் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் அவரைப் பற்றி ஒன்றும் பேசப்போவதில்லை. "நான் குடுத்தேன்" என்ற இரண்டு சொல்தான். அதைச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. நீ வந்து பக்கத்தில் நின்றால் எனக்குக் கொஞ்சம் தெம்பு. வராவிட்டாலும் சொல்லுவேன்.

உன் கேமராக்காரர்களையும் கூட்டி வா, தடையில்லை. பெட்டியில் இருக்கிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு தென்னை மூட்டில் உட்காருகிறேன். பரணில் கிடக்கிற தராசை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், அதையும் பக்கத்தில் தொங்கவிடட்டும். என் மகன் நிலக்கரியை விட்டான், கல்லைக் குறைத்தான், கல்லுக்குள்ளிருந்து போகிற பாதியில் பெரும்பங்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பிடிக்க வழி தேடுகிறான் என்று சொல்லுவேன். அதை அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்றால், அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது உனக்கே தெரிந்துபோகும். கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் இடத்தில் வேறொருத்தனை வைப்பார்களாக இருக்கும். பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். பயம் என்னவெல்லாம் சொல்லவைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் 'குடுக்கல' என்றபோது பாதி எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், மக்கா.

இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி ஒரு சிப்பி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் என் கையில் வைத்தாளே, அதேதான். நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். முதல் தேதிக்கு முன்னால் அதை உன் உலையில் சுடு. உமியைப் போட்டே சுடு. முன்னும் பின்னும் நிறுத்து. குறைகிறதை அந்த அறிக்கையில் எழுது. எழுத விட்டால் கையெழுத்தைப் போடு.

உன் அம்மா